திருப்பிப் போட்ட பைஜாமா

இசக்கிராஜா இதுவரை வெட்டிய நைட்டிகளை ஒன்றோடு ஒன்று முடிச்சுப் போட்டு நீட்டினால், சங்கரன்கோவிலில் தொடங்கிப் புளியங்குடி பஸ் ஸ்டாண்டு வரை போய்ச் சேரும் என்பது அவனுடைய கணக்கு. யாரும் அளந்து பார்க்கப் போவதில்லை என்பதால் நாமும் மறுத்துப் பேச வேண்டியதில்லை. பத்தொன்பது வயதில் கத்தரியைக் கையில் எடுத்தவன், இப்போது முப்பத்தேழு. செல்வமணி அண்ணாச்சியின் நைட்டி கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். நீளமான மேசையில் துணியை எழுபது அடுக்கு விரித்து, மேலே அட்டையை வைத்துக் கோடு போட்டு, மெஷினை ஓட்டினால் ஒரே ஓட்டத்தில் எழுபது முன்பக்கம் விழும். அதே அட்டையில் கழுத்தை மட்டும் கொஞ்சம் மேலே ஏற்றிக்கொண்டால் எழுபது பின்பக்கம். எல்லாம் ஃப்ரீ சைஸ். ஒல்லியானவளும் போடலாம், பருமனானவளும் போடலாம். தன் நைட்டி சேராத பெண் தமிழ்நாட்டில் இன்னும் பிறக்கவில்லை என்று டீக்கடையில் நின்று சொல்வான்.

இப்பேர்ப்பட்ட மனிதனுக்குத் தன் சொந்த மகளுக்குப் படுக்கும்போது போட்டுவிட ஒரு துணி அமையவில்லை.

மகள் பெயர் கோமதிஸ்ரீ. வீட்டில் கோமு. வயது இரண்டே கால். ஒன்றரை வயதில் முழங்கால் மடிப்பில் ஒரு சிவப்புத் தடிப்பாக ஆரம்பித்த கரப்பான் என்னும் தோல் அரிப்பு, இடுப்பைச் சுற்றி வந்து, முழங்கையின் உள்பக்கத்துக்கும் ஏறிவிட்டது. விழித்திருக்கும்போது அவளைப் பாட்டுப் பாடியோ தெருநாயைக் காட்டியோ திசைதிருப்பிவிடலாம். தூங்க ஆரம்பித்ததும் கை தானாகப் போய்விடும். சொறிந்து சொறிந்து, எழுந்திருக்கும்போது நகத்தில் ரத்தம் இருக்கும். கோவில் புற்றுமண்ணைக் குழைத்துப் பூசியாயிற்று. வேப்பிலை அரைத்தாயிற்று. கடைசியில் குழந்தைகள் டாக்டரம்மா கொடுத்த களிம்புதான் கொஞ்சம் கேட்டது.

"களிம்பு மட்டும் போதாது. பருத்தித் துணி போடுங்க, கையும் காலும் மூடி இருக்கணும், இறுக்கக் கூடாது, உரசக் கூடாது. முக்கியமா சொறிய விடாதீங்க. புண்ணுல சீழ் வச்சுதுன்னா நான் பாளையங்கோட்டைப் பெரியாஸ்பத்திரிக்குத்தான் எழுதிக் கொடுக்கணும். அங்க அட்மிட் பண்ணி ஊசி போடுவாங்க" என்று டாக்டரம்மா சொன்னார். ஒன்றரை மாதம் கழித்துப் பார்த்து முடிவு செய்வதாகவும் சொன்னார்.

சொறிய விடாதீர்கள் என்று சொல்வது சுலபம். கையுறை மாட்டினார்கள். கோமு பல்லால் கடித்து இழுத்துக் கழற்றிப் போட்டாள். இசக்கிராஜாவும் மனைவி யோகலட்சுமியும் முறை வைத்து விழித்திருந்து பார்த்தார்கள். காலையில் வேலைக்குப் போகிறவர்கள் எத்தனை நாள் விழித்திருக்க முடியும்? கடைசியில் யோகலட்சுமி மனசைக் கல்லாக்கிக்கொண்டு தன் பழைய துப்பட்டாவை எடுத்து, பிள்ளையின் இரண்டு மணிக்கட்டையும் சேர்த்து, வலிக்காமல் ஒரு முடிச்சுப் போட்டாள். முதல் நாள் கோமு வீடே இடிந்து விழுகிற மாதிரி அழுதாள். இரண்டாம் நாள் கொஞ்சம் குறைந்தது.

ஒரு வாரம் போயிருக்கும். படுக்கை விரித்து யோகலட்சுமி துப்பட்டாவை எடுத்தாள். கோமு பாயில் உட்கார்ந்து, தானாகவே இரண்டு கையையும் சேர்த்து அம்மாவிடம் நீட்டி, "கட்டு" என்றாள்.

இசக்கிராஜா எழுந்து வாசலுக்குப் போய்விட்டான். திரும்பி வந்தவன் மனைவியிடம், "ஏட்டி யோகு, இந்தப் பிள்ள கையக் கட்டாம தூங்கணும். அதுக்கு ஒரு துணி இந்த ஊர்ல இல்லாமலா போயிரும்? நான் கண்டுபிடிக்கேன்" என்றான்.

"கண்டுபிடிங்க. யாரு வேண்டாங்கா?" என்றாள் அவள். அவளுக்கு நம்பிக்கை இல்லை. வேறு ஒரு கம்பெனியில் துணி ஓரம் தைக்கிற ஓவர்லாக் மெஷினில் எட்டு மணி நேரம் உட்கார்ந்து எழுந்து வருகிறவள். நம்புவதற்குக்கூடக் கொஞ்சம் தெம்பு வேண்டும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கடைவீதியில் வேட்டை ஆரம்பித்தது. முதல் கடையில் பிள்ளைகளுக்கான பைஜாமா செட் என்று ஒன்றை எடுத்துப் போட்டார்கள். நெஞ்சு முழுவதையும் அடைத்துக்கொண்டு ரப்பரில் அச்சடித்த கரடி. இசக்கிராஜா கரடியின் மூஞ்சியைத் தடவிப் பார்த்து, "இதுக்குள்ள காத்து எப்படி வே போகும்?" என்று கேட்டான். அடுத்தது காலர், பொத்தான், மேல்பாக்கெட்டோடு இருந்தது. "இதுல பாக்கெட் எதுக்கு? பிள்ள தூக்கத்துல பேனா சொருகிக்கிடவா?" மூன்றாவது முயல்தோல் மாதிரி புசுபுசுவென்று, ஊட்டிக்குப் போகிற பிள்ளைக்குத் தைத்தது. நம் ஊர் வெயிலில் அதைப் போட்டால் பிள்ளை வெந்துவிடும்.

இரண்டாவது கடையில், "சுத்தக் காட்டன் அண்ணாச்சி" என்று சத்தியம் பண்ணினார்கள். இசக்கிராஜா உள்பக்கம் திருப்பி, ஓரத்தில் நீட்டிக்கொண்டிருந்த ஒரு நூலை உருவினான். சட்டைப் பையில் இருந்து தீப்பெட்டியை எடுத்து உரசினான். பருத்தி நூல் என்றால் சாம்பலாக உதிரும். இது சுருண்டு உருகி, கறுப்பாக ஒரு மணி மாதிரித் திரண்டது.

"வே, இது ஜவுளிக்கடையா தீபாவளியா? துணிக்கு நடுவுல நின்னு தீக்குச்சி உரசுதீரு!" என்று கல்லாவில் இருந்தவர் எழுந்தே விட்டார். இசக்கிராஜா அந்தக் கறுப்பு மணியைக் கல்லா மேல் மரியாதையாக வைத்துவிட்டு வெளியே வந்தான்.

ராஜபாளையம் போனான். தென்காசி போனான். எங்கே போனாலும் இடுப்பில் இறுக்கிப் பிடிக்கிற எலாஸ்டிக். போனில் பார்த்து வரவழைத்தது உண்மையிலேயே நல்ல துணிதான். ஆனால் அது நல்ல துணி என்று ஐந்து பாஷைகளில் அறிவிக்கும் நைலான் சீட்டு ஒன்றை, பிள்ளையின் பிடரியில் குத்துகிற மாதிரித் தைத்து அனுப்பியிருந்தார்கள். சீட்டைப் பிரித்து எடுத்தால் தையல் விட்டுப்போயிற்று. அன்றைக்கு அவனுக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. பிள்ளை படுத்துத் தூங்குகிற உடுப்பைத் தைக்கிறவன் ஒரு தடவையாவது ஒரு பிள்ளை தூங்குவதைப் பார்த்திருக்க வேண்டாமா?

"நானே வெட்டுதேன், நீ தை" என்று மனைவியிடம் சொன்னான்.

மெல்லிய மல் பருத்தித் துணி வாங்கினான். அச்சு இல்லை, சாயம் இல்லை. தறியில் ஏற்றிய கஞ்சி போகும் வரை நாலு தடவை வெந்நீரில் அலசி, நிழலில் காயப்போட்டான். பிறகு சப்பணம் போட்டு உட்கார்ந்து, பதினெட்டு வருஷத் தோரணையோடு ஒரு அட்டையை வெட்டி, முன்பக்கம் பின்பக்கம் இரண்டுக்கும் அதையே வைத்து, கால் மணி நேரத்தில் பைஜாமாவை வெட்டி முடித்தான். யோகலட்சுமி தைத்துக் கொடுத்தாள். கோமுவுக்கு மாட்டினார்கள். நிற்கும்போது ராணி மாதிரி இருந்தது. கீழே கிடந்த கரண்டியை எடுக்கக் குந்தினாள். டர்ரென்று பின்பக்கம் முழுக்கக் கிழிந்தது.

யோகலட்சுமி முதலில் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு முடியவில்லை. சுவரில் சாய்ந்து, கண்ணில் தண்ணீர் வர வரச் சிரித்தாள். "பெரிய கட்டிங் மாஸ்டரு! நைட்டிக்குக் கால் கெடையாதுல்லா, அதாம் வெளங்கல. குந்துத பிள்ளைக்குப் பின்னாடி துணி கூட வேண்டாமா?"

அவள் அப்படிச் சிரித்து எத்தனை மாதம் ஆகியிருந்தது! இசக்கிராஜாவுக்கு மானம் போனதில் வருத்தமே இல்லை. அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தான். அதன் பிறகு பிள்ளையை நிற்க வைத்து, உட்கார வைத்து, குந்த வைத்து, நூலை வைத்து நூலை வைத்து அளந்தான். பின்பக்கத்தை உயரமாக வெட்டினான். எலாஸ்டிக்குக்குப் பதிலாக அதே துணியில் அகலமான நாடா. மேல்சட்டைக்குத் தொளதொளவென்று முழுக்கை. இரண்டாவது கிழியவில்லை.

கோமு அதைப் போட்டுக்கொண்டு தூங்கினாள். கை கட்டித்தான். யோகலட்சுமி அந்த விஷயத்தில் விட்டுக்கொடுக்கவில்லை. காலையில் கழற்றியபோது இசக்கிராஜா பிள்ளையின் உடம்பைத் துணியைப் பார்க்கிற கண்ணோடு பார்த்தான். தொடையின் உள்பக்கம் நேராக ஒரு சிவப்புக் கோடு. விலாவில் ஒன்று. அக்குளைச் சுற்றி வளைவாக ஒன்று. எங்கேயோ பார்த்த கோடுகளாக இருக்கிறதே என்று யோசித்தவன், பைஜாமாவை எடுத்துப் பக்கத்தில் வைத்தான். அச்சு அசல் தையல் போகிற வழி. உள்ளே தையல் ஓரத்தில் ஓவர்லாக் நூல் நெருநெருவென்று நிற்கிறது. நமக்கெல்லாம் அது தெரியவே தெரியாது. கோமுவின் தோலுக்குத் தெரிந்திருக்கிறது.

அன்றைக்கு அவன் செய்தது ஒன்றுதான். பைஜாமாவை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி மாட்டிவிட்டான். தையலெல்லாம் வெளியே, வழுவழுப்பெல்லாம் உள்ளே.

"திருப்பியா? தாய் தகப்பன் ரெண்டு பேரும் தையல் கம்பெனி, பிள்ளைக்கு நேரா ஒரு துணி போடத் தெரியலன்னு சொல்ல மாட்டாவளா?" என்றாள் யோகலட்சுமி.

"தூங்குத பிள்ளைய எவன் வந்து பாக்கான்? சொல்லுதவன் சொல்லட்டும்."

நாலே நாளில் கோடுகள் மறைந்தன. காலையில் கோமுவின் முழங்கால் மடிப்பு காய்ந்து, வெளிறி, நல்ல தோல் எட்டிப் பார்த்தது. யோகலட்சுமியே துப்பட்டா முடிச்சைக் கொஞ்சம் தளர்த்திப் போட்டாள். ஆனால் சாயங்காலம் வேலை விட்டு வந்து பார்த்தால் அதே இடம் ரணமாகக் கிடந்தது. காலையில் ஆறுகிறது, சாயங்காலம் பிய்கிறது. ஒரு நாள் இல்லை, இரண்டு நாள் இல்லை, ஒரு வாரம் முழுக்க இதே கதை. மத்தியானத் தூக்கத்துக்கும் அந்தப் பைஜாமாவைத்தான் போட்டு அனுப்புகிறார்கள். சாயங்காலம் கூப்பிடப் போகும்போது பிள்ளை குளித்துக் கவுனுக்கு மாறியிருக்கும். அப்புறம் என்ன?

பகலில் கோமுவைப் பார்த்துக்கொள்வது அடுத்த வீட்டுச் சீனியம்மாள். ஐம்பது வயது. முழங்கால் வலிக்கு முந்தி இருபது வருஷம் நைட்டி கம்பெனிகளில் வேலை பார்த்தவள். கோமு மேல் உயிரையே வைத்திருப்பவள். மத்தியானத் தூக்கத்துக்கு அவளிடம் கையைக் கட்டச் சொன்னபோது, "அது மட்டும் என்னால ஆகாதும்மா" என்று சொல்லிவிட்டாள். பக்கத்திலேயே உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொள்வாள்.

யோகலட்சுமிக்குச் சந்தேகம் சாப்பாட்டின் மேல் போயிற்று. கரப்பானுக்குக் கருவாடு ஆகாது, கத்தரிக்காய் ஆகாது என்று ஊரெல்லாம் சொல்கிறது. "சீனியக்கா, பிள்ளைக்குக் கருவாடு கிருவாடு கொடுத்தியளா?" என்று வாசலில் நின்று கேட்டே விட்டாள். சீனியம்மாளின் முகம் செத்துப்போயிற்று. "பருப்புஞ்சோறுந்தாம்மா கொடுக்கேன். ஒம் பிள்ளைக்கு நான் கேடு நெனப்பனா?" என்றாள். இரண்டு நாள் இரண்டு வீட்டுக்கும் பேச்சு வார்த்தை இல்லை. பிள்ளையை மட்டும் வாசலில் கைமாற்றிக்கொண்டார்கள்.

மூன்றாம் நாள் இசக்கிராஜா சாப்பாட்டு வேளையில் வண்டியை எடுத்துக்கொண்டு சொல்லாமல் கொள்ளாமல் சீனியம்மாள் வீட்டுக்கு வந்தான். கோமு சாப்பிட்டு முடித்து, பாயில் நின்றுகொண்டிருந்தாள். சீனியம்மாள் அவளுடைய பைஜாமாவை உருவி, நேராக்கி, உதறி, இரண்டு காலையும் உள்ளே விட்டு, அழகாக நாடா முடிந்து கொண்டிருந்தாள். மேல்சட்டை ஏற்கெனவே நேராகியிருந்தது.

"அக்கா! என்ன பண்ணுதிய?"

"வா தம்பி. நீயே பாரு. தெனமும் அவசரத்துல பிள்ளைக்கு உடுப்பத் திருப்பிப் போட்டுட்டு ஓடிருதிய. நாந்தான் நேராக்கிப் போடுதேன். நாலு பேரு வந்து போற வீடு, பிள்ள கண்ணுக்கு லட்சணமா இருக்க வேண்டாமா?" என்றாள் சீனியம்மாள். அவள் குரலில் துளி கள்ளம் இல்லை.

இசக்கிராஜா அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டான். சிரிப்பதா தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. பிள்ளையின் காலில் இருந்த கோட்டையும் துணியின் தையலையும் பக்கத்தில் வைத்துக் காட்டி விளக்கினான். சீனியம்மாளுக்கு விஷயம் புரிந்ததும் அழுகையே வந்துவிட்டது. "நானா எம் பிள்ளைய ரணமாக்கினேன்? சத்தியமா இனி தொட மாட்டேன்" என்றாள். அன்று சாயங்காலம் யோகலட்சுமி போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பேச்சு வார்த்தை சரியாகிவிட்டது.

பைஜாமா சரியாகவில்லை. மறுநாள் சாப்பாட்டு வேளையில் அவன் எட்டிப் பார்த்தபோதும் நேராகத்தான் இருந்தது.

"நான் தொடல தம்பி! பூ கொடுக்க வந்தவ மாத்திட்டுப் போயிருக்கா, நான் அடுப்படியில நின்னேன்" என்றாள் சீனியம்மாள். அதற்கு அடுத்த நாள் எதிர்வீட்டு மருமகள். அதற்கு அடுத்த நாள் குற்றவாளி சீனியம்மாளேதான். "கை நிக்க மாட்டேங்கு ராசா. கம்பெனியில எனக்கு வேலையே அதான? தைச்சு வருத ஒவ்வொரு பீஸையும் திருப்பிப் போட்டுப் பிசிறு வெட்டணும். இருவது வருசம். நான் நெனைக்குததுக்கு முந்தி கை திருப்பிருது" என்று தலையைக் குனிந்துகொண்டாள்.

இதில் யாரைக் கோபிப்பது? அந்தத் தெருவில் மெஷின் இல்லாத வீடு இல்லை. தையல் வெளியே தெரிகிற துணியைப் பார்த்தால் அங்கே ஒருத்திக்கும் கை சும்மா இருக்காது. உள்ளூர் என்று இல்லை, சிவகிரியில் ஒரு விசேஷத்துக்குப் போய்விட்டு பஸ்ஸில் திரும்பும்போது, யோகலட்சுமி பையில் தண்ணீர் பாட்டிலைத் தேடி எடுப்பதற்குள், பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத ஒரு அம்மாள் கோமுவை மடியில் வாங்கி, உரித்து, நேராக மாட்டி முடித்துவிட்டாள். "பெத்தவ கவனிக்கல போல. நான் மாத்திட்டேன்" என்று மொத்த பஸ்ஸுக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டு, பெரிய புண்ணியம் கட்டிக்கொண்ட திருப்தியோடு அடுத்த நிறுத்தத்தில் இறங்கிப் போனாள்.

டாக்டரம்மா சொன்ன ஒன்றரை மாதத்தில் பத்து நாள்தான் பாக்கி. முழங்கால் மடிப்பில் ஒரு இடத்தில் ஈரம் கசிய ஆரம்பித்திருந்தது.

"போதுங்க. பாளையங்கோட்டைக்குத்தான் போகணும்னா போவோம். நீங்களும் எவ்வளவுதான் செய்விய?" என்றாள் யோகலட்சுமி.

"ஊரத் திருத்த முடியாது ஏட்டி. துணியத் திருத்தலாம்" என்றான் இசக்கிராஜா.

அவனுக்கு வந்த யோசனை ஒன்றும் ஆகாயத்தில் இருந்து வரவில்லை. கம்பெனி மேசையில் தினமும் அவன் கண்ணுக்கு முன்னால் கிடந்ததுதான். நைட்டியின் நெஞ்சுப் பட்டியைச் சுற்றி வேறு நிறத்தில் மெல்லிய பட்டியை மடித்துப் பைப்பிங் வைப்பார்கள். அடியில் ஒட்டுத் தையல்தான். ஆனால் பார்க்கிறவர்களுக்கு அது டிசைன். வெளியே தெரிகிற தையல் ஓரம் ஒவ்வொன்றையும் அப்படி ஒரு பட்டியால் மூடிவிட்டால்? பிசிறு தெரிந்தால்தானே கை பரபரக்கும்.

சாப்பாட்டு வேளையில் மேசை ஓரத்தில் உட்கார்ந்து, ஊதா நிற மெல்லிய துணியைக் குறுக்கு வாக்கில் விரல் அகலப் பட்டிகளாக வெட்டினான். செல்வமணி அண்ணாச்சி பின்னால் வந்து நின்றார்.

"என்ன வே மாஸ்டர், பொம்மைக்கு உடுப்பா?"

இசக்கிராஜா சொன்னான். அண்ணாச்சி கேட்டுக்கொண்டே துணியைத் தடவிப் பார்த்தார். வியாபாரி மூளை சும்மா இருக்குமா? "நல்லா வந்துன்னா சொல்லும். ஒரு ஆயிரம் பீஸ் போட்டுப் பாப்போம். ஃப்ரீ சைஸ்."

"இதுக்கு ஃப்ரீ சைஸ் கெடையாது அண்ணாச்சி. இது கோமு அளவு" என்றான் இசக்கிராஜா, நிமிராமலே.

வேலை நினைத்த மாதிரி சுலபமாக இல்லை. பட்டியை அழுத்தித் தைத்தால் அந்தத் தையல் உள்ளே போய் மறுபடியும் உரசும். அதனால் வெளியே நிற்கும் தையல் ஓரத்தை மட்டும் பட்டிக்குள் மடித்துப் பிடித்து, உடம்பைத் தொடாமல் தைக்க வேண்டும். பகல் முழுக்க ஓவர்லாக் ஓட்டிவிட்டு வந்த யோகலட்சுமி முதல் காலைத் தைத்தாள். கோணல். பிரித்தான். மறுபடி தைத்தாள். இசக்கிராஜா தன் கழுத்தில் வைத்துத் தேய்த்துப் பார்த்து, "உறுத்துது" என்றான். பிரித்தான். மூன்றாவது தடவை அவள் மெஷினை விட்டு எழுந்தே போய்விட்டாள். ஐந்து நிமிஷம் கழித்து முகம் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்து, கை ஊசியாலேயே தைக்க ஆரம்பித்தாள். நாலு சாயங்காலம் ஆயிற்று. கழுத்து மடிப்பு, கை மடிப்பு, கால் மடிப்பு எல்லாமே வெளிப்பக்கம், எல்லாவற்றுக்கும் ஊதாப் பட்டி. உள்ளே கையை விட்டால் எங்கேயும் ஒன்றும் தட்டவில்லை. இரண்டு செட் முடிந்தது.

கோமு அதைப் போட்டுக்கொண்டு சீனியம்மாள் வீட்டுக்குப் போனாள். பூக்காரி வந்தாள், பார்த்தாள், "புது டிசைனா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். எதிர்வீட்டு மருமகள் எங்கே வாங்கினீர்கள் என்று விசாரித்தாள். ஒரு கையும் கோமுவின் மேல் நீளவில்லை. ஐந்து நாளில் அந்த ஈரக் கசிவு நின்று, மேலே காய்ந்த பக்கு கட்டியது.

ஆனாலும் வீட்டில் படுக்கும்போது துப்பட்டா வந்துகொண்டுதான் இருந்தது. "பக்கு கட்டும்போதுதான் அரிப்பு சாஸ்தி. ஒரே தடவ பிச்சா போச்சு, இவ்வளவு நாள் பட்ட பாடும் போச்சு. டாக்டரம்மா பாக்குத வரைக்கும் பொறுங்க" என்றாள் யோகலட்சுமி. அவள் சொன்னதிலும் நியாயம் இருந்ததால் இசக்கிராஜா பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தான்.

டாக்டரம்மாவைப் பார்க்கப் போவதற்கு முந்தின நாள், மாதத்துக்கு ஒரு தடவை வருகிற மின்தடை நாள். காலை ஒன்பதில் இருந்து சாயங்காலம் ஐந்து வரை கரண்டு கிடையாது. நைட்டி கம்பெனிகள் எல்லாம் லீவு. சித்திரை வெயில் ஓட்டின் மேல் நின்று ஆடியது. ஃபேன் ஓடாத வீட்டில் மூன்று பேரும் வேர்த்து வழிந்தார்கள். சீனியம்மாள் எட்டிப் பார்த்து, "இந்தப் புழுக்கத்துல இன்னைக்கு ஒரு நாள் பிள்ள சொறிஞ்சு பாளையங்கோட்டைக்குப் போகும்படி ஆயிராமப் பாத்துக்கிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மத்தியானம் கோமுவுக்குக் கண் சொக்கியது. யோகலட்சுமி துப்பட்டாவை எடுத்தாள். கோமு கையைச் சேர்த்து நீட்டினாள்.

"வேண்டாம்" என்றான் இசக்கிராஜா.

"என்ன பேசுதிய? இன்னைக்குப் போயா? வேர்வ பட்டாலே அரிக்கும். நாளைக்கு டாக்டரம்மாட்ட என்னன்னு காட்டுவோம்?"

"இன்னைக்கு வேர்வையில தாங்குச்சுன்னா என்னைக்கும் தாங்கும். தாங்கலன்னா இந்தத் துணி துணியே இல்ல. நான் பக்கத்துலதான இருக்கேன். வையி கீழ."

யோகலட்சுமி துப்பட்டாவைக் கீழே வைக்கவில்லை. ஆனால் கட்டவும் இல்லை. கோமு அம்மாவையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தாள். "கட்டும்மா" என்று நினைவூட்டினாள்.

"வேண்டாம் மக்கா. சும்மா படு" என்றான் இசக்கிராஜா.

கோமு மல்லாந்து படுத்தாள். கட்டாத கைகள் இரண்டையும், மணிக்கட்டோடு மணிக்கட்டு சேர்த்து நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டாள். அப்படியே தூங்கிப்போனாள்.

யோகலட்சுமிக்கு அதைப் பார்க்க முடியவில்லை. சேலைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டு அழுதாள். "நாந்தான பழக்கினேன். நாந்தான இப்படிப் பழக்கினேன்" என்று சத்தம் வராமல் திரும்பத் திரும்பச் சொன்னாள். இசக்கிராஜா ஒரு அட்டையை எடுத்துப் பிள்ளைக்கு விசிறிக்கொண்டிருந்தான். அழுதால் விசிறுகிற கை நின்றுவிடும் என்று அடக்கிக்கொண்டான்.

கோமுவின் நெற்றியில் வேர்வை முத்து முத்தாக அரும்பியது. கழுத்து நனைந்தது. மல் துணி ஈரத்தைக் குடித்து அங்கங்கே உடம்போடு ஒட்டியது. இருந்தாலும் அவள் புரளவில்லை. வெகு நேரம் கழித்து மணிக்கட்டுகள் மெல்லப் பிரிந்தன. இடது கை நழுவி, வயிற்றில் இறங்கி, முழங்காலை நோக்கிப் போயிற்று. இசக்கிராஜா அட்டையைப் போட்டுவிட்டுக் கையைப் பிடிக்கப் பாய்ந்தான்.

யோகலட்சுமி அவன் கையைத் தடுத்தாள். "விடுங்க. பாப்போம்."

பிள்ளையின் விரல்கள் முழங்காலில் துணியின் மேலே ஒரு தடவை தேய்த்தன. இன்னொரு தடவை. விரல்கள் நின்றன. கை தளர்ந்து பாயில் விழுந்தது.

அப்புறம் அந்தக் கை முழங்காலுக்குப் போகவில்லை. கோமு பெரிதாக ஒரு மூச்சு விட்டு, இடது கையை அம்மா பக்கமும் வலது கையை அப்பா பக்கமும் முழு நீளத்துக்கு விரித்துப் போட்டாள். வாய் லேசாகத் திறந்துகொண்டது. வலது கை வந்து இசக்கிராஜாவின் தொடையில் இடித்தது. அதற்கு இன்னும் இடம் வேண்டியிருந்தது. அவன் பாயை விட்டு இறங்கி வெறும் தரையில் உட்கார்ந்து, மறுபடியும் விசிற ஆரம்பித்தான்.